கேள்வி கேட்காமல் சாப்பிட ஒரு கடை

தட்டைக்காட்டுப்புதூர்க்காரர்களை யாராவது மட்டமாகப் பேசினால் எனக்குப் பிடிக்காது. ரொம்ப நல்ல ஜனங்க. ஒரு வேலையைச் சொன்னால் சொன்னபடியே செய்வார்கள். சொன்னபடியே செய்வதுதான் அவர்களிடம் இருக்கிற ஒரே தொந்தரவு. ஊர் எல்லையில் ‘மெதுவாகச் செல்லவும்’ என்று பலகை வைத்த நாளிலிருந்து, அந்த இடத்தில் நடந்து போகிறவர்கள்கூட மெதுவாகத்தான் நடக்கிறார்கள். நான் பக்கத்து ஊர்க்காரன். பார்த்ததையும் கேட்டதையும் சொல்கிறேன், கூட்டிச் சொல்லவில்லை.

அந்த ஊர்க் கிட்டுசாமிக்கு முப்பத்தைந்து வயதாகியும் பெண் அமையவில்லை. மக்காச்சோளக் காடு இருக்கிறது, வற்றாத கிணறு இருக்கிறது, வாயில் ஒரு பொய் வராது. ஆனாலும் ஜாதகம் போன வேகத்தில் திரும்பி வரும். “பையன் ரொம்ப வெகுளிங்க” என்று எல்லோரும் ஒரே மாதிரி பதில் சொல்லுவார்கள். கடைசியாக ஒரே ஒரு ஜாதகம் திரும்பாமல் நின்றது. பெண் பெயர் மேகலா. கோயமுத்தூரில் வீடு கட்டுகிறவர்களுக்குப் பிளான் வரைந்து கொடுக்கிற வேலை.

பெண் பார்க்கப் போன இடத்தில் மேகலா மனசில் இருந்ததை நேராகவே சொல்லிவிட்டாள். அவள் கறி மட்டுமில்லை, பால், தயிர், நெய், முட்டை, தேன் என்று உயிருள்ள ஜீவனிடமிருந்து வருகிற எதையும் தொடமாட்டாள். அதைச் சொல்லும்போது கிட்டுசாமியின் தாய்மாமன் பொங்கியண்ணன் நெஞ்சைப் பிடித்துக்கொண்டார். அவர் ஊர்ப் பால் சொசைட்டித் தலைவர். வெளியில் சாப்பிடப் போனால்தான் தனக்குப் பெரிய கஷ்டம் என்றாள் மேகலா. மெக்சிகோ நாட்டுச் சாப்பாடு அவளுக்கு உயிர். ஆனால் இதில் வெண்ணெய் இருக்கா, அதில் சீஸ் போட்டிருக்கா, பயறைக் கொழுப்பில் வதக்கினீர்களா என்று கேட்டு முடிப்பதற்குள் பசியே செத்துப் போகிறதாம்.

“ஒரே ஒரு நாள், ஒத்தக் கேள்வி கேக்காம உக்காந்து நிம்மதியாச் சாப்பிடணும்ங்க. அப்படி ஒரு கடையைக் கண்டுபிடிச்சு வையுங்க. கடைக்காரங்க வாயால சொல்றதை நம்பாதீங்க, நீங்களே சோதிச்சுப் பாருங்க. ஞாயித்துக்கிழமை வர்றேன். மத்ததை அப்புறம் பேசலாம்.”

இவ்வளவுதான் அவள் சொன்னது. கிட்டுசாமி வீட்டுக்கு வருகிற வரைக்கும் அதை மனப்பாடம் பண்ணிக்கொண்டே வந்தான். இந்தச் சம்பந்தமும் போனால் தனக்குக் கல்யாணமே இல்லை என்று அவனுக்குத் தெரியும். அதைவிட, அந்தப் பெண்ணை அவனுக்கு ரொம்பப் பிடித்துவிட்டது.

மறுநாளே மூன்று பேர் கோயமுத்தூருக்குக் கிளம்பினார்கள். கிட்டுசாமி, பொங்கியண்ணன், அப்புறம் சொசைட்டியில் பால் சோதிக்கிற மாரப்பன். மாரப்பனின் சட்டைப் பையில் பேனா இருக்காது, லாக்டோமீட்டர்தான் இருக்கும். பாலுக்குள் விட்டால் மிதக்கிற கண்ணாடிக் குழாய். தண்ணீர் கலந்த பால் என்றால் உள்ளே இறங்கிவிடும், நல்ல பால் என்றால் தலையைத் தூக்கிக்கொண்டு நிற்கும். எங்கள் பக்கத்தில் பல பேருடைய மானம் அந்தக் குழாயில்தான் இருக்கிறது.

ஆர்.எஸ்.புரத்தில் விசாரித்து ஒரு மெக்சிகோ கடையைப் பிடித்தார்கள். பார்த்துக்கொள்கிறவர் பெனடிக்ட் என்கிற தங்கமான மனுஷன். பால் சேராத பண்டங்கள் தனியாகவே உண்டு என்று சொல்லி, ஒவ்வொன்றாகக் கொண்டுவந்து வைத்தார். சொல்வதை நம்பக்கூடாது என்பது உத்தரவாயிற்றே. மாரப்பன் குழாயை எடுத்தான்.

முதலில் குடிதண்ணீரில் விட்டான். குழாய் விர்ரென்று இறங்கியது. “தண்ணில பால் இல்லீங்க” என்றான். மூவருக்கும் தெம்பு வந்தது. அடுத்தது பட்டர் ஃப்ரூட்டை மசித்து, வெங்காயம், பச்சை மிளகாய், எலுமிச்சை சேர்த்த பச்சை விழுது. குழாய் அதில் நட்ட கம்பு மாதிரி நின்றது. மாரப்பன் கையை எடுத்தும் அசையவில்லை.

பொங்கியண்ணன் எழுந்து நின்றுவிட்டார். தன் காலத்தில் இப்படி ஒரு பாலைப் பார்த்ததே இல்லை என்றார். ஒரு சொட்டுத் தண்ணீர் கலக்கவில்லை.

“நெறம் பச்சையா இருக்குதுங்களே மாமா?” என்று கிட்டுசாமி மெதுவாகக் கேட்டான்.

“பசுந்தீவனம் தின்ன மாடுடா மாப்ள.”

அடுத்து கறுப்புப் பயறு மசியல். அதிலும் குழாய் நிமிர்ந்து நின்றது. அது கறுப்பு மாட்டுப் பால் என்று தீர்ப்பாயிற்று. பெனடிக்ட் எவ்வளவோ சொல்லிப் பார்த்தார். அது பழம், இது பயறு, இரண்டும் மரத்திலும் செடியிலும் விளைவது என்றார். பொங்கியண்ணன் அவர் தோளில் கை வைத்து, சொசைட்டி முத்திரை போட்ட குழாய் பொய் சொல்லாது, உங்களுக்கு யாரோ ஏமாற்றிப் பாலை விற்கிறார்கள் என்று ஆறுதல் சொன்னார்.

ஆக, அந்தக் கடையில் மேகலா நம்பி வாயில் வைக்கக்கூடியது தண்ணீர் மட்டும்தான். வெறும் தண்ணீர் வாங்கிக் கொடுத்துப் பெண்ணைக் கட்ட முடியுமா? கிட்டுசாமிக்குக் கண் கலங்கிவிட்டது. அவன் தன் கதையை எல்லாம் சொல்ல, பெனடிக்டுக்கு மனசு இளகிப் போயிற்று. அவருக்கும் போன தை மாதம்தான் கல்யாணம் ஆகியிருந்தது. இன்னொரு தரம் வந்து, வேறு எந்த விதத்தில் வேண்டுமானாலும் சோதித்துக்கொள்ளுங்கள் என்று சொல்லி அனுப்பினார். பாவம், நல்ல எண்ணத்தில் சொன்னது.

இரண்டு நாள் கழித்து மூவரும் குட்டியானை வண்டியில் ஒரு கன்றுக்குட்டியை ஏற்றிக்கொண்டு வந்து இறங்கினார்கள்.

இது பொங்கியண்ணனின் யோசனை. பால் எங்கே இருக்கிறது என்று கன்றுக்குத் தெரிகிற மாதிரி யாருக்குத் தெரியும் என்றார். அதில் நான் ஒரு தப்பும் சொல்லமாட்டேன். கடைக்கு வெளியே புல்தரையில் போட்டிருந்த மேஜை மேல் தட்டுகளை வரிசையாக வைத்தார்கள். கன்று முதல் தட்டில் இருந்த சீஸை மோந்து பார்த்து முகத்தைத் திருப்பிக்கொண்டது. தக்காளித் துவையலில் மூக்கை வைத்துத் தும்மியது. அப்புறம் மெக்சிகோ ரொட்டித் தட்டுக்கு வந்து, ரொட்டி, அப்பளம் போல் பொரித்து வைத்திருந்த சில்லுகள், தட்டுக்கு அடியில் விரித்திருந்த காகிதம் எல்லாவற்றையும் தின்றுவிட்டு, மேஜைத்துணியைச் சப்ப ஆரம்பித்தது.

“கன்னுக்குட்டி சொல்லிருச்சு” என்றார் பொங்கியண்ணன். “சீஸை அது சீந்தலை. அதனால சீஸ்ல பால் இல்லை. ரொட்டியத் தின்னுது. ரொட்டி பூராவும் பால்.”

“மேஜைத்துணிங்க?” என்றான் மாரப்பன்.

“அதுலயும் இருக்கும்போல.”

பெனடிக்ட் உள்ளே போய், ரொட்டிக்கு அரைக்கிற சரக்கை மூட்டையோடு இழுத்துக்கொண்டு வந்து அவிழ்த்துக் காட்டினார். காய்ந்த மக்காச்சோளம். அதைச் சுண்ணாம்புத் தண்ணீரில் வேகவைத்து, ஊறவைத்து, அரைத்துத் தட்டினால் அதுதான் மெக்சிகோ ரொட்டி என்றார்.

கிட்டுசாமி ஒரு பிடி அள்ளிப் பார்த்தான். ஒரு மனுஷன் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சத்தை நான் ஜென்மத்தில் பார்த்ததில்லை என்று பெனடிக்டே பிற்பாடு என்னிடம் சொன்னார். அவன் காட்டில் விளைகிறது, வருஷா வருஷம் மாட்டுத்தீவனத்துக்கு அனுப்புகிறது, அதே மக்காச்சோளம்.

“மாமா, மாடு குடுக்கறதை அவங்க சாப்பிடமாட்டாங்க. மாடு சாப்பிடறதைத்தான் சாப்பிடறாங்க.”

பொங்கியண்ணனுக்கு வேறொரு பயம் வந்துவிட்டது. அப்படியென்றால் இந்தப் பெண் வந்தால் சொசைட்டி மாடுகளுக்குப் போட்டியாகிவிடுமே, தீவனம் பத்துமா என்று கவலைப்பட்டார். ஒரு ஆள் எவ்வளவு தின்றுவிட முடியும் என்று மாரப்பன் சமாதானம் சொன்னான். ஆனால் ரொட்டியில் பால் என்று கன்று சொன்னது சொன்னதுதான், சோளத்தைக் காட்டிவிட்டதற்காகத் தீர்ப்பை மாற்ற முடியாது என்று பெரியவர் பிடிவாதமாக நின்றார்.

பெனடிக்டும் மனுஷன்தானே. கடைசியில் கையெடுத்துக் கும்பிட்டு, ஞாயிற்றுக்கிழமை கடை அந்தப் பெண்ணுக்கு மட்டும்தான், விடியக்காலையிலேயே வந்து அடுப்புப் பக்கத்தில் நின்று கண்ணால் பாருங்கள், பால் சம்பந்தப்பட்டது எது இருந்தாலும் நீங்களே எடுத்து வெளியில் வைத்துவிடுங்கள் என்றார்.

இதை அவர் சொல்லியிருக்கக்கூடாது.

ஞாயிற்றுக்கிழமை காலையில் சீஸ், வெண்ணெய், தயிர், கிரீம் எல்லாம் வண்டிக்குப் போயின. அவை இருந்த பிரிட்ஜும் போயிற்று. காபி மெஷின் போயிற்று. சுவரில் மாட்டியிருந்த குதிரைக்காரன் படத்தில் மூலையில் ஒரு எருது தெரிந்ததால் அதுவும் போயிற்று. எல்லாவற்றையும் ஏற்றி முடித்து நெற்றியைத் துடைத்தபோதுதான், தான் சொசைட்டித் தலைவர் என்பது பொங்கியண்ணனுக்கு ஞாபகம் வந்தது. நம்மைவிடப் பால் சம்பந்தப்பட்டவன் இந்த ஜில்லாவிலேயே கிடையாது என்று சொல்லி, மாரப்பனையும் கூட்டிக்கொண்டு வெளியே போய்விட்டார். மாரப்பன் வண்டியில், அன்றைக்கும் கூட வந்திருந்த கன்றுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தான். பெரியவர் கடை ஜன்னலுக்கு வெளியே நின்று உள்ளே எட்டிப் பார்த்துக்கொண்டார்.

கிட்டுசாமி மட்டும் அடுப்பைவிட்டு நகரவில்லை. சோளம் அரைபடுவதைப் பார்த்தான், பயறு கடலெண்ணெயில் வதங்குவதைப் பார்த்தான். பழத்தை வெட்டி மசிக்கும்போது மட்டும் கண்ணை எடுக்காமல் நின்றான். அப்புறம் ஜன்னலுக்கு ஓடினான்.

“மாமா, இதுல எந்த எடத்துலயும் மாடு வரலைங்க.”

“குழாய் நின்னுதே?”

“நின்னுதுங்க. ஆனா மாடு வரலை.”

பெரியவர் கண்ணை மூடிக்கொண்டார். இரண்டும் நிஜமென்றால் ஒரே அர்த்தம்தான் இருக்க முடியும். “அப்ப இது மாடு இல்லாம வந்த பால்டா மாப்ள. பொண்ணுக்குத் தாராளமாக் குடு.”

மேகலா வந்தாள். வாசலில் ஒரு வண்டி, அதில் ஒரு பிரிட்ஜ், பிரிட்ஜை நக்கிக்கொண்டு ஒரு கன்றுக்குட்டி. உள்ளே வந்து உட்கார்ந்து, “வெளியில என்னங்க...” என்று ஆரம்பித்தாள். ஜன்னல் வழியாக ஒரு கை உள்ளே வந்தது.

“ஒத்தக் கேள்வி கேக்கப்படாதுங்க அம்மணி” என்றார் பொங்கியண்ணன்.

மேகலா திரும்பிக் கிட்டுசாமியைப் பார்த்தாள். அவன் கையெல்லாம் சோளமாவு, கண்ணெல்லாம் புகை. “நீங்கதானுங்க சொன்னீங்க” என்றான். “விடியறதுக்கு முந்தியிருந்து அடுப்படியிலயே நின்னு எல்லாத்தையும் பாத்துட்டனுங்க. நீங்க ஒண்ணும் கேக்க வேண்டாம். சாப்பிடுங்க.”

அவள் சாப்பிட்டாள். ரொட்டியில் பயறை வைத்து, பச்சை விழுதைத் தடவி, துவையலைத் தொட்டுத் தொட்டுச் சாப்பிட்டாள். வெளியில் போய்ச் சாப்பிட ஆரம்பித்த காலத்திலிருந்து இப்படி ஒரு சாப்பாடு அவள் சாப்பிட்டதில்லை. பாதியில் அவளுக்குக் கண்ணில் தண்ணீர் வந்தது. மிளகாய் என்று சொல்லிக்கொண்டாள். அது மிளகாய் இல்லை, எனக்குத் தெரியும்.

கையைக் கழுவிவிட்டு வந்து கிட்டுசாமிக்கு எதிரில் உட்கார்ந்தாள். அவனை நேராகப் பார்த்துக் கேட்டாள்: “என்னைக் கட்டிக்கிறீங்களா?”

கிட்டுசாமி வாயைத் திறந்தான். ஜன்னலிலிருந்து கை பாய்ந்து வந்தது.

“மாப்ள, வாயத் தொறக்காதே! அது கேள்வி. பதில் சொன்னியோ, பொண்ணு போட்ட உத்தரவு போச்சு, சம்பந்தமும் போச்சு.”

கிட்டுசாமி வாயை மூடிக்கொண்டான். வேர்த்துக் கொட்டியது. முப்பத்தைந்து வருஷமாகக் காத்திருந்த கேள்வி மேஜை மேல் கிடக்கிறது, பதில் தொண்டையில் நிற்கிறது, சொல்ல முடியவில்லை. அவன் தவிப்பைப் பார்த்திருந்தால் எனக்கே பாவமாக இருந்திருக்கும். பெனடிக்ட் திரும்பி நின்று சுவரைப் பார்த்துக்கொண்டார்.

மேகலா சிரித்த சிரிப்பு தெருமுனை வரைக்கும் கேட்டதாம். சிரித்து முடித்து, முகத்தைத் துடைத்துக்கொண்டு, “சரிங்க. நான் கேக்கலை. கட்டிக்கிறேன்” என்றாள்.

பெரியவர் மாரப்பனைக் கூப்பிட்டு, இருவரும் ஜன்னலுக்கு வெளியே குசுகுசுவென்று ஆலோசித்தார்கள். இது கேள்வி இல்லை, செல்லும் என்று முடிவாயிற்று.

வைகாசியில் கல்யாணம் நடந்தது. புதுக்குடித்தனம் வைக்கிற அன்றைக்கு என்னையும் கூப்பிட்டிருந்தார்கள். நான் போனபோது ஊரே சமையல்கட்டைச் சுற்றி நின்றுகொண்டிருந்தது. புது வீட்டில் பால் காய்ச்சிப் பொங்கவைக்க வேண்டும், அது முறை. மருமகள் பாலைத் தொடமாட்டாள், அதுவும் முறைதான். இரண்டுக்கும் பங்கம் வராமல் சொசைட்டியே கூடி முடிவெடுத்திருந்தது. அடுப்பில் மஞ்சள் கட்டிய புதுப்பானை. பானை நிறையப் பச்சை விழுது. நடுவில் லாக்டோமீட்டர் நட்டுக்குத்தலாக நிற்கிறது.

பெண்டுகள் குலவை போடுவதற்கு நாக்கைத் தயாராக வைத்துக்கொண்டிருந்தார்கள். காலையிலிருந்தே அப்படித்தான் என்றான் மாரப்பன். அடிப்பிடிக்கிற வாசனை வந்தது. நல்ல கெட்டிப் பால் பொங்கக் கொஞ்சம் நேரமாகத்தான் செய்யும் என்றான் கிட்டுசாமி, நம்பிக்கையோடு இன்னொரு விறகைத் தள்ளிவிட்டு.

மேகலா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பை அடக்கி நின்றாள். அப்புறம் பொறுக்கமாட்டாமல் கிட்டுசாமியிடம், “ஏனுங் மாமா, இது எப்பங்க...” என்று தொடங்கினாள்.

சமையல்கட்டு ஜன்னல் வழியாக ஒரு கை உள்ளே வந்தது.