பத்துக் கப்பலும் ஒரு சொல்லும்

முன்பொரு காலத்தில் கடலோர நாடு ஒன்றை வீரசேகரன் என்ற மன்னன் ஆண்டுவந்தான். ஒரு நாள் காலையில் எழுந்ததும் அவனுக்கு ஓர் ஆசை பிறந்தது. பக்கத்து நாட்டானிடம் எட்டுக் கப்பல்கள் இருக்கின்றனவாம். தன் துறைமுகத்திலிருந்து பத்துப் புறப்பட வேண்டும்!

அந்நாட்டுக் கப்பல் வணிகத்தை ஒரு சங்கம் நடத்திவந்தது. நெசவாளர், உப்பளத்தார், மாலுமிகள் எனப் பலரும் அதில் பங்கு போட்டிருந்தார்கள். அரண்மனை விகடகவி அம்பலவனின் மனைவி செங்கமலம்கூடத் தன் காசுமாலையை விற்றுப் பங்கு வாங்கியிருந்தாள். சங்கத்தின் அதிகாரி ஏகம்பர் மட்டும் ஒரு பங்கும் வாங்கவில்லை.

"பத்துத்தானே அரசே?" என்றார் ஏகம்பர். "அயல்நாட்டு வட்டிக்காரர் கடன் தரக் காத்திருக்கிறார். துறைமுகத்தை ஈடாக எழுதிக் கொடுத்தால் போதும். ஐப்பசியிலேயே கப்பல்களை அனுப்பிவிடலாம்."

அம்பலவன் வீட்டில் இதைச் சொன்னதும் செங்கமலம் பதறிப்போனாள்.

"ஏங்க, போன ஐப்பசியில மூணு கப்பல் போயி ஒண்ணுதானே திரும்பி வந்துச்சு? புயல் மாசத்துல மறுபடியும் அனுப்பச் சொல்றாரே, அந்த மனுசனுக்கு என்ன வந்துச்சு?"

அந்தக் கேள்வி அம்பலவனைக் குடைந்தது. நேரே ஆவணச் சாலைக்குப் போய் ஏகம்பரின் நியமன ஓலையைப் பிரித்துப் பார்த்தான். 'புறப்படும் கப்பல் ஒவ்வொன்றுக்கும் அதிகாரிக்கு நூறு பொன் சன்மானம்' என்றிருந்தது. இரண்டு கப்பல் ஆட்கள் கடலோடு போன வருடத்தில், ஏகம்பருக்கு முந்நூறு பொன் வந்திருக்கிறது!

மறுநாள் சபையில், "கடன் வேண்டாம் அரசே" என்றான்.

ஏகம்பர் இந்த விகடகவியை ஒழித்துக்கட்டச் சமயம் பார்த்திருந்தவர். "அப்படியானால், கப்பல்களுக்கு வேண்டிய பொருளை அம்பலவனே திரட்டட்டும். கடன் கூடாது, வரி கூடாது, கஜானாவையும் தொடக் கூடாது. நாளைக்குள் முடியாவிட்டால் நாட்டை விட்டுப் போகட்டும்!"

மன்னனுக்கு வேடிக்கை பிடித்துவிட்டது. "சம்மதமா, அம்பலவா?"

"சம்மதம் அரசே. ஏகம்பரின் நியமன ஓலையில் ஒரே ஒரு சொல்லைத் திருத்த மட்டும் அனுமதி வேண்டும்."

"ஒரு சொல்லில் பணம் கொட்டுமா? தாராளமாகத் திருத்தட்டும்!" என்று ஏகம்பரே சிரித்தார்.

அடுத்த நாள் திருத்திய ஓலை சபையில் வாசிக்கப்பட்டது; 'புறப்படும்' என்ற சொல் 'திரும்பும்' என்று மாறியிருந்தது. 'திரும்பும் கப்பல் ஒவ்வொன்றுக்கும் அதிகாரிக்கு நூறு பொன் சன்மானம்.'

ஏகம்பரின் முகம் வெளுத்தது.

"அரசே... யோசித்துப் பார்த்தேன். நம்மிடம் தேர்ந்த மாலுமிகள் இரண்டு கப்பலுக்குத்தான் இருக்கிறார்கள். அவர்களைப் பத்தில் பிரித்துப் போட்டால் எதுவுமே திரும்பாது. இரண்டு போதும். அதுவும் ஐப்பசியில் வேண்டாம், தை மாதம் அனுப்பலாம்."

அம்பலவன் கைகூப்பினான். "வேண்டிய பொருளைத் திரட்டச் சொன்னீர்கள், அரசே. வேண்டியவை இரண்டு கப்பல்கள்தாம் என்று அதிகாரியே சொல்லிவிட்டார். அதற்கான பொருள் போன வருடம் திரும்பிய கப்பலின் லாபமாகச் சங்கத்துப் பெட்டியிலேயே கிடக்கிறது."

பத்துக் கப்பல் கேட்ட மன்னனுக்கு இரண்டு! அவன் சீறுவான் என்று சபையே நினைத்தது. மன்னனோ ஏகம்பர் பக்கம் திரும்பினான்.

"நேற்றுவரை பத்து என்றீர். ஒரே நாளில் எட்டுக் கப்பல்கள் எங்கே முழுகின?"

ஓலையைக் கையில் வாங்கிய மன்னனின் குரல் தாழ்ந்தது. "அந்த ஓலையில் முத்திரை வைத்தவன் நான். படிக்காமல் வைத்தேன். இனிக் கடன் வாங்குவதானாலும் கப்பல் விடுவதானாலும், பங்கு போட்டவர்களில் மூவர் இந்தச் சபையில் அமர்ந்து சம்மதிக்க வேண்டும்." அன்றே நெசவாளர் ஒருவரும் உப்பளத்தார் ஒருவரும் மாலுமி ஒருவரும் தேர்ந்தெடுக்கப்பட்டார்கள்.

திருத்திய ஓலைப்படி ஏகம்பரே அதிகாரியாக நீடிக்க, தை மாதம் இரண்டு கப்பல்களும் புறப்பட்டன. ஆனியில் ஒரு காலை மன்னன் அம்பலவனோடு கடற்கரைக்குப் போனான். அங்கே பட்டு வேட்டி நனைய, முழங்கால் அளவு நீரில் நின்று, புருவத்துக்கு மேல் கைவைத்துக் கடலைத் துழாவிக்கொண்டிருந்தார் ஏகம்பர்.

"என்ன ஏகம்பரே, இங்கே?"

"மூன்று நாளாக இங்கேதான் அரசே! அதோ, பாய்மரம்! இரண்டு! இரண்டுமே வருகின்றன!" என்று கூத்தாடினார் அவர்.

மன்னன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். சிரிப்பு அடங்குமுன்னே கழுத்திலிருந்த முத்துமாலையைக் கழற்றி அம்பலவனுக்குச் சூட்டினான்.