ஐஸ்பெட்டிக்குள் அறுநூறு டிகிரி

தூத்துக்குடியில் இன்னாசி, லசார், தொம்மை என்று மூன்று பேர் ஒரு விசைப்படகில் தொழில் பார்த்தார்கள். மூவரும் சொன்ன சொல்லைத் தட்டாதவர்கள். தொல்லையே அதுதான்.

அன்றைக்கு ஐஸ்பெட்டி நிறையச் சீலா மீன். அப்படியொரு மீன்பாடு அவர்களுக்கு வாய்த்ததே இல்லை. கரைக்குத் திரும்பும் வழியில் தொம்மை அலறினான். காற்றை அழுத்தி உள்ளே தள்ளும் டர்போ வைத்த ஆறு சிலிண்டர் என்ஜின் அது. ஒவ்வொரு சிலிண்டரின் புகைக்குழாயிலும் சூடு காட்ட ஒரு மீட்டர். ஐந்து மீட்டர்கள் நானூறு டிகிரி காட்ட, நாலாவது மட்டும் அறுநூறு காட்டியது.

இன்னாசி கரையிலிருந்த மெக்கானிக் பலவேசத்தை வயர்லெஸ்ஸில் கூப்பிட்டான்.

"டர்போகிட்ட காத்து ஒழுகுதான்னு கேட்டுப் பாருலே" என்றார் பலவேசம்.

லசார் டர்போ முன்னால் கைகட்டி நின்று கேட்டான். "காத்து ஒழுகுதாங்களா?"

"உய்ய்ய்ங்."

"ஆமான்னும் சொல்லல, இல்லன்னும் சொல்லல. பெரிய இடத்துச் சாமான், நம்மகிட்ட பேசாது போல" என்று திரும்பி வந்தான்.

"சரி, என்ஜினை அமத்திட்டு டீசல் பீச்சுற நாலாவது இன்ஜெக்டரைக் கழட்டிப் பாரு" என்றார் பலவேசம்.

கழற்றினார்கள். மூவரும் மாறி மாறிப் பார்த்தார்கள். திரும்ப மாட்டினார்கள். "பாத்தாச்சு அண்ணாச்சி."

பலவேசம், "நாலாவது மீட்டரையும் அஞ்சாவது மீட்டரையும் மாத்தி மாட்டு. சூடு எங்க காட்டுதுன்னு..." என்பதற்குள் வயர்லெஸ் உயிரை விட்டது.

மாற்றி மாட்டி என்ஜினைக் கிளப்பினார்கள். நாலில் நானூறு, ஐந்தில் அறுநூறு.

"சூடு அஞ்சுக்கு ஓடிட்டு!" என்றான் தொம்மை.

"பயந்துட்டு. விடாத, விரட்டு" என்றான் இன்னாசி.

மறுபடி மீட்டரை மாற்றி மாட்டி ஆறுக்கு விரட்டினார்கள். அதற்குமேல் சிலிண்டர் இல்லை. நெடுநேரம் யோசித்து, என்ஜினை அணைத்து, சூடு தணிய அந்த மீட்டரைக் கழற்றி ஐஸ்பெட்டிக்குள் புதைத்தார்கள். அரைமணி கழித்து எடுத்தால், அப்போதும் அறுநூறு!

லசாருக்கு முகம் வெளுத்தது. "ஐஸுக்குள்ள அறுநூறா? அப்போ பெட்டிதான் எரியுது!"

தொம்மை ஐஸுக்குள் கையை விட்டான்.

"சுடுதாலே?"

"கையே மரத்துட்டு. அவ்வளவு சூடு!"

படகாவது பிழைக்கட்டும் என்று, கண்ணில் நீர் வழிய, ஐஸையும் மீனையும் அள்ளி அள்ளிக் கடலில் கொட்டினார்கள். மீட்டரை மாட்டிக்கொண்டு கரை சேர்ந்தார்கள்.

அணைந்து கிடந்த என்ஜினில் ஆறாவது மீட்டர் மட்டும் அறுநூறு காட்டுவதைப் பார்த்தார் பலவேசம். "மீட்டர் முள்ளுதாம்லே சிக்கியிருக்கு. என்ஜினுக்கு ஒண்ணுமில்ல. ஆமா, மீனெல்லாம் எங்க?"

"கொதிச்சுக் கிடந்துச்சு அண்ணாச்சி. கடல்ல ஆறப் போட்டிருக்கோம்" என்றான் இன்னாசி. "மூடி எதுவும் போடல. சாயங்காலத்துக்குள்ள ஆறிரும், போய் அள்ளிட்டு வந்திருவோம்."