இருமலும் சேர்த்து

பெரம்பூர்ப் பக்கம் நடந்தது என்றுதான் எனக்குச் சொன்னார்கள்.

அங்கே ஒரு ஜாஸ் குழு இருந்தது. அவர்கள் வாசிக்கும் முறை இதுதான்: முதலில் எல்லாரும் சேர்ந்து ஒரு மெட்டை வாசிப்பார்கள். பிறகு ஆளுக்கொரு முறை வரும். தன் முறையில் மனசுக்கு அந்த நேரம் என்ன தோன்றுகிறதோ அதை வாசிக்கலாம். பின்னால் டிரம்ஸ் ஓடிக்கொண்டே இருக்கும். முறை முடிந்ததென்று டிரம்ஸ்தான் ஒரு உருட்டு உருட்டிக் காட்டும். உடனே எல்லாரும் மெட்டுக்குத் திரும்பிவிடுவார்கள்.

டிரம்ஸ் வாசித்தவர் எட்வினா. புதிதாக வருகிறவர்களைக் குழுவோடு சேர்ந்து வாசிக்கப் பழக்குவதும் அவர்தான். அவரிடம் ட்ரம்பெட்டோடு பழக வந்தவர் குலசேகரன். மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருப்பவர், பேரன் எடுத்தவர். வயதில் எட்வினாவுக்கு மூத்தவர்தான். ஆனாலும் “மிஸ்” என்றுதான் கூப்பிடுவார்.

குழுவில் ட்ரம்பெட் வாசித்த ரெஜினால்ட் அந்த வருஷம் நெஞ்சு நோயில் போய்விட்டார். அவர் வாசித்ததில் ஒரே ஒரு டேப்தான் மிச்சம். குலசேகரன் கடையைச் சாத்தியதும் அந்த டேப்போடு உட்கார்ந்துவிடுவார். ஊதுவார், நிறுத்துவார், மறுபடி கேட்பார். வீட்டில் எல்லாருக்கும் அது மனப்பாடம் ஆகிவிட்டது. பேரன் பல் தேய்த்துக்கொண்டே அதை முனகினான் என்றால் பாருங்கள்.

ஒரு நாள் கேட்டார்.

“மிஸ், ஒரு சந்தேகம்.”

“கண்ணாடி எதாவது உடைஞ்சுபோச்சா?”

“விளையாடாதீங்க மிஸ். செத்துப்போன கலைஞரை மறக்காம வெச்சுக்கறது எப்படி?”

எட்வினா டிரம்மின் திருகை முடுக்கிக்கொண்டிருந்தார். நிமிரவில்லை.

“ஞாயித்துக்கிழமை வாசிக்க வர்றீங்கல்ல? அன்னைக்குச் சொல்றேன்.”

வருஷத்தில் ஒரு ஞாயிறு அந்தக் குழு தன் ஆட்களில் இறந்துபோனவர்களுக்காக வாசிக்கும். மேடையோரம் படங்கள் இருக்கும். சாக்ஸபோன் மனுவேல், பாடகி டெல்மா. இந்த முறை ரெஜினால்டும். போனவரின் முறை வரும்போது இன்னொருவர் எழுந்து அவர் இடத்தில் வாசிக்க வேண்டும். ரெஜினால்டின் இடத்துக்குக் குலசேகரன்.

அன்று சாயங்காலம் ரெஜினால்டின் மனைவி ஐரீன் முன்வரிசையில் வந்து உட்கார்ந்தார். மடியில் ஒரு கறுப்புப் பெட்டி. குலசேகரன் கிட்டே போய்க் குனிந்தார்.

“மேடம், ஒரு தடவை, ஒரே ஒரு தடவை உங்க வீட்டுக்காரர் வாசிக்கறதை இன்னைக்கு நீங்க கேப்பீங்க. நான் பொறுப்பு.”

“நெசமாவா சொல்றீங்க?”

“கண்ணை மூடிக்குங்க, போதும்.”

அந்த வார்த்தையை நம்பித்தான் ஐரீன் பெட்டியைத் திறந்தார். கணவரின் ட்ரம்பெட்டை எடுத்துக் கொடுத்தார்.

மெட்டு முடிந்தது. ரெஜினால்டின் முறை வந்தது. குலசேகரன் ஊதினார்.

அசல் ரெஜினால்ட். அதே இழுப்பு, அதே குழைவு. பியானோக்காரர் திடுக்கிட்டுத் திரும்பிப் பார்த்தார். ஐரீன் கண்ணை மூடியிருந்தார்.

அந்த டேப்பில், பாதி தாண்டி ஓர் இடத்தில், ரெஜினால்ட் இருமியிருப்பார். குலசேகரன் ஒரு புள்ளியும் பிசகக் கூடாது என்று பழகியவர். அந்த இடம் வந்ததும் ட்ரம்பெட்டை இறக்கினார். இருமினார். அதே இருமல். அதே கரகரப்பு.

கூட்டம் விறைத்துப்போனது.

ஐரீன் கண்ணைத் திறந்தார். முகத்தில் ரத்தம் இல்லை. நாற்காலிக் கையைப் பிடித்துக்கொண்டு பாதி எழுந்தார். அப்படியே நின்றுவிட்டார்.

குலசேகரன் அதைப் பார்த்தார். இருந்தும் விடாமல் கடைசி ஸ்வரம் வரை வாசித்து முடித்தார். உருட்டலுக்காகக் காத்திருந்தார்.

உருட்டல் வரவில்லை. டிரம்ஸ் ஓடிக்கொண்டே இருந்தது.

திரும்பிப் பார்த்தார்.

“மிஸ்,” என்றார் பல்லிடுக்கில்.

“வாசிங்க.”

“முடிஞ்சுபோச்சு மிஸ்.”

“டேப்தான் முடிஞ்சுது. வாசிங்க.”

“எனக்கு வேற எதுவும் தெரியாது!”

எட்வினா ட்ரம்பெட்டைப் பார்த்துத் தலையசைத்தார். குச்சிகள் நிற்கவில்லை. மேடையில் ட்ரம்பெட்டும் கையுமாக ஒரு மனிதர், எதிரே பாதி எழுந்தபடி ஒரு பெண்மணி. யாரோ ஒருவர் “ஐயோ பாவம்” என்றது எல்லாருக்கும் கேட்டது.

வேறு வழியில்லாமல் குலசேகரன் ஊதினார். தப்பான ஸ்வரம், கிறீச்சென்று வந்தது. பயந்துபோய் அதையே மறுபடி ஊதினார். அங்கிருந்து பக்கத்தில் ஒன்றைத் தொட்டார். வழுக்கினார், பிடித்துக்கொண்டார். இருட்டில் சுவரைத் தடவிக்கொண்டு போகிற மாதிரி போனார். ஓரிடத்தில், எப்படி என்று அவருக்கே தெரியாது, காற்று தானாக வழி விட்டது.

ஐரீன் மெல்ல உட்கார்ந்தார்.

அப்போதுதான் உருட்டல் வந்தது.

எல்லாம் முடிந்து குலசேகரன் மேடைக்குப் பின்னால் போய் உட்கார்ந்தார். சட்டை நனைந்திருந்தது. ஐரீன் தேடிக்கொண்டு வந்தார். குலசேகரன் எழுந்து ட்ரம்பெட்டை நீட்டினார்.

“மன்னிச்சிருங்க மேடம். கடைசியில சொதப்பிட்டேன்.”

ஐரீன் அதை வாங்கவில்லை.

“ஆஸ்பத்திரியில கடைசி ராத்திரி பூரா அந்த இருமலைத்தான் கேட்டுக்கிட்டிருந்தேன்” என்றார். “இன்னைக்கு மறுபடி கேக்க வெச்சுட்டீங்க.”

குலசேகரன் ட்ரம்பெட்டை மறுபடி நீட்டினார்.

“இது உங்ககிட்டயே இருக்கட்டும். அந்த இருமல் மட்டும் வேண்டாம்.”

சொல்லிவிட்டு, காலிப் பெட்டியை அவர் பக்கத்தில் வைத்துவிட்டுப் போனார்.

எட்வினாவும் குச்சிகளோடு அங்கே வந்திருந்தார். குலசேகரன் அவரிடம் திரும்பினார்.

“ஊரைக் கூட்டி வெச்சு என் மானத்தை வாங்கிட்டீங்களே மிஸ். இருமினது தப்பு, ஒத்துக்கறேன். மத்ததெல்லாம்? அந்த டேப்பில இருக்கறது அவரோட உசிரு. அதை அப்படியே காப்பாத்தினது தப்பா?”

எட்வினா குச்சிகளைத் துணிப்பையில் போட்டுக் கட்டினார்.

“அந்த டேப் எடுத்த அன்னைக்கும் நான்தான் டிரம்ஸ். வெளிய வந்து டீ குடிச்சோம். ரெஜினால்ட் அங்கிள் என்ன சொன்னார் தெரியுமா?”

“என்ன சொன்னார்?”

“‘அப்பாடா, இது டேப்பில ஏறிடுச்சு. இனிமே இதையே வாசிக்க வேண்டியதில்ல’ன்னார்.”