விளாம்பழத்துக்கு ஒரு ஐலசா

மூங்கில் காட்டுக் குளக்கரையில் பூதப்பன் என்றொரு கரடி இருந்தது. குளம் நிரம்பும் நாளில் மடையை அடைத்திருக்கும் பெரிய கல்லைத் தூக்குவது அதன் வேலை. கல்லைத் தூக்கினால் மிச்சத் தண்ணீர் ஓடையில் போய்விடும். தூக்காவிட்டால் கரை உடைந்து, கீழே இருக்கும் வளைகளெல்லாம் மூழ்கிவிடும்.

ஏழு வருடமாகப் பூதப்பன் அதை ஒற்றையாகத் தூக்கியது. அதுவும் எப்படி? உதட்டை இறுக்கி, மூச்சை அடக்கி, சத்தமே இல்லாமல்!

"ஒரு முனகல்கூட இல்லையே! இவன்தான் பலசாலி!" என்று காடே கைதட்டும். பூதப்பனுக்கு அந்தக் கைதட்டல் தேனைவிட இனிக்கும்.

இந்த ஆவணியில் அதன் அடிவயிற்றின் ஓரத்தில் எலுமிச்சம்பழம் போல ஒரு புடைப்பு தெரிந்தது. படுத்தால் உள்ளே போனது. இருமினால் வெளியே வந்தது. பயந்துபோன பூதப்பன் தையல்சிட்டு ஊசியம்மாவிடம் ஓடியது. அந்தக் காட்டின் வைத்தியர் அவர்தான்.

"குடலிறக்கம்!" என்றார் ஊசியம்மா. "வயித்துச் சுவர் கிழிஞ்சு, குடல் வெளியே எட்டிப் பார்க்குது. தைக்கணும்."

பச்சிலைச் சாற்றால் கரடியைத் தூங்க வைத்து, சிலந்தி நூலால் நெருக்கமாகத் தைத்தார். பூதப்பன் விழித்ததும் கேட்ட முதல் கேள்வி, "டாக்டரம்மா, மடைக்கல்லை எப்போ தூக்கலாம்?"

"மூணு மாசம் போகட்டும். முதல் ரெண்டு வாரம் நடந்தால் போதும். அப்புறம் விளாம்பழம். அது சுலபமானால் தேங்காய். பிறகு பூசணி, பலா. கடைசியில்தான் கல். எங்கேயாவது இழுத்துப் பிடிச்சால் அங்கேயே நிறுத்து. முழங்காலை மடக்கு. பொருளை நெஞ்சோடு அணைச்சுத் தூக்கு. முக்கியமா, மூச்சை அடக்காதே!"

"அடக்குறேனா இல்லையான்னு எனக்கு எப்படித் தெரியும்?"

"சத்தம் போடு! சத்தம் போடுறவனால் மூச்சை அடக்க முடியாது."

பூதப்பனுக்கு முகம் தொங்கிவிட்டது. சத்தமா? ஏழு வருடப் பேர் என்ன ஆவது?

மூன்றாம் வாரம், யாரும் இல்லாத புதரோரத்தில் முழங்காலை மடக்கி, ஒரு விளாம்பழத்தை நெஞ்சோடு அணைத்து, மெல்ல "ஐலசா..." என்றது.

புதருக்குப் பின்னால் ஒரு சிரிப்பு வெடித்தது. நரி சடையன்!

"என்ன அண்ணே, விளாம்பழம் ரொம்பக் கனமா? நான் ஒரு கை பிடிக்கட்டுமா?"

அன்று சாயங்காலத்துக்குள் காடு முழுக்க அதே பேச்சு. அணில்கூட ஒரு நெல்லிக்காயைத் தூக்கிக்கொண்டு "ஐலசா!" என்று ஆடிக் காட்டியது.

பூதப்பனுக்குப் பொறுக்கவில்லை. மறுநாள் சடையன் பார்க்கும்போதே ஒரு முழுப் பலாப்பழத்தை, பழையபடி மூச்சை அடக்கி, சத்தமில்லாமல் தூக்கியது.

சுரீர்!

பழம் விழுந்து பிளந்தது. சடையனின் மீசை முழுக்கப் பலாப்பிசின். பூதப்பனோ வயிற்றைப் பிடித்தபடி உட்கார்ந்துவிட்டது.

ஊசியம்மா தையலை ஒவ்வொன்றாகப் பார்த்தார். "தப்பிச்சே! நூல் தாங்கிடுச்சு. ஒரு வாரம் நட. அப்புறம் மறுபடியும் விளாம்பழம்."

"மறுபடியுமா?"

"மறுபடியும்தான்!"

இந்தத் தடவை பூதப்பன் புதரைத் தேடவில்லை. குளக்கரையில் எல்லோரும் பார்க்க, விளாம்பழத்துக்கு வாய் நிறைய ஐலசா போட்டது. பிறகு தேங்காய்க்கு வந்தது.

அந்த வருடம் மழை முந்திக்கொண்டது. புரட்டாசி முடியும் முன்னே இரண்டு நாள் கொட்டித் தீர்த்தது. குளம் விளிம்பு தட்டியது. கரையில் கீறல் விழுந்தது.

"அண்ணே!" என்று சடையன் அலறிக்கொண்டு வந்தது. "என் குட்டிங்க நாலும் கீழே வளையில இருக்கு! கல்லைத் தூக்குங்க அண்ணே!"

பூதப்பன் கல்லருகே ஓடிக் குனிந்தது. கை வைத்தது. அடிவயிறு லேசாக இழுத்தது. 'பாதி தூக்கி நான் விழுந்தால், கல்லும் விழும், கரையும் உடையும். யாரைக் காப்பாற்றுவது?'

கையை எடுத்துவிட்டது.

"என்னால இப்போ முடியாது!" என்று காடே கேட்கும்படி கத்தியது. "நம்மால முடியும்! எல்லாரும் வாங்க! சடையா, அந்தப் பெரிய மூங்கிலை இழுத்து வா!"

விலங்குகள் மூங்கிலின் முனையைக் கல்லுக்கு அடியில் செருகின. நடுவில் ஒரு பாறைத்துண்டை முட்டுக்கொடுத்தன. மறுமுனையைப் பன்றியும் மானும் குரங்குகளும் முயல்களும் பிடித்துக்கொண்டன. பூதப்பன் பக்கத்தில் நின்று குரல் கொடுத்தது.

"யாரும் மூச்சை அடக்காதீங்க! சத்தமா... ஐலசா!"

"ஐலசா!"

எல்லோரையும்விட உரக்கக் கத்தியது சடையன்தான். மூன்றாவது ஐலசாவுக்குக் கல் புரண்டது. தண்ணீர் குபுகுபுவென்று ஓடையில் பாய்ந்தது. நரிக்குட்டிகள் நான்கும் வால் நனையாமல் வெளியே வந்து குதித்தன. காடு முழுக்கக் கும்மாளம்!

பூசணி, பலா என்று பூதப்பன் ஒவ்வொன்றாக ஏறிவந்தது. தை பிறந்தது. மழை ஓய்ந்துவிட்டதால் மடையை மறுபடி அடைக்க வேண்டும். ஊசியம்மா வயிற்றைத் தடவிப் பார்த்துத் தலையசைத்தார்.

காடே மூச்சுவிடாமல் பார்த்தது. பூதப்பன் முழங்காலை மடக்கியது. கல்லை நெஞ்சோடு அணைத்தது.

"ஐலசா!"

குளத்துக் கொக்குகள் எல்லாம் பறந்தன. கல் எழும்பியது, மடையில் கச்சிதமாக உட்கார்ந்தது.

"அண்ணே, ஒரு சந்தேகம்," என்றது சடையன். "விளாம்பழத்துக்கும் அதே சத்தம், மடைக்கல்லுக்கும் அதே சத்தமா?"

"வயிறு ஒண்ணுதானேடா!" என்று பூதப்பன் சிரித்தது.

தைத்த உடம்புக்குப் பலம் படிப்படியாகத்தான் திரும்பும். வெட்கப்படாமல் சின்னதிலிருந்து தொடங்குகிறவனே பெரியதைத் தூக்குவான்.