பத்திரமான இடம்

தூத்துக்குடி துறைமுகச் சாலையில் சூசையம்மாள் பெட்டிக்கடை வைத்திருந்தாள். வரி ஏறி சிகரெட் விலை எகிறியதும் கஸ்பார் முதலாளிக்குக் கொண்டாட்டம். வரி கட்டாத வெளிநாட்டுச் சரக்கைப் படகில் இறக்கி, கடை கடையாகத் திணித்தார். எதிர்த்துப் பேச ஊரில் ஆளில்லை.

ஒருநாள் அவள் கடையிலும் ஒரு பெட்டியை இறக்கினார்.

"வித்துக் குடு. அதுவரைக்கும் பத்திரமா வச்சிரு. ஒண்ணு குறைஞ்சாலும் கடை இருக்காது."

விற்றால் ஜெயில், மறுத்தால் தெரு. சூசையம்மாள் தலையாட்டினாள்.

அடுத்த வாரம், கடை முன்னால் கூட்டம் டீ குடித்துக்கொண்டிருந்தபோது கஸ்பார் வந்து அதட்டினார்.

"என் பெட்டி எங்க?"

"பத்திரமா இருக்கு மொதலாளி. பூட்டுக்கு மேல பூட்டு, துப்பாக்கிக் காவல். ஒண்ணுகூடக் குறையாது."

"அப்படி எந்த இடம்?"

"சுங்க ஆபீஸ். பெட்டிக்குச் சொந்தக்காரர் வந்தா ஆளைக் காட்டச் சொன்னாங்க. அந்தா, டீ குடிக்காரே, அந்த ஐயாதான் அதிகாரி."

கஸ்பார் முகம் வெளிறியது. "பெட்டியா? என்கிட்ட ஏது பெட்டி?"

கூட்டம் குபீரென்று சிரித்தது. அதிகாரி டம்ளரை வைத்துவிட்டு, "வாங்க, ஆபீஸ்ல போய்ப் பேசுவோம்" என்று அவர் கையைப் பிடித்தார்.

மறுநாள் காலை சுங்க ஆபீஸ் வாசலில் ஒரே நெரிசல். அந்தச் சாலைக் கடைக்காரர்கள் எல்லாரும் ஆளுக்கொரு பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு வரிசையில் நின்றார்கள்.