பல் டாக்டரின் கிட்டார்

நாகர்கோவில் பல் டாக்டர் ஞானசிகாமணி வாயைத் திறந்தால் எதிரே இருப்பவர் வாயை மூடிக்கொள்ள வேண்டும். தனக்காகத் தயாராகும் கிட்டாரைப் பார்க்கப் பட்டறைக்கு வந்தவர், அங்கே வேலை பார்க்கும் பெல்சியாவின் கையில் சின்ன டிரில் மெஷினைக் கண்டதும் கத்தினார்.

"சிப்பி ஓட்டுல வெட்டின பூவைப் பதிக்க மெஷினா? நுணுக்கமான வேலைம்மா இது! உளியாலேயே குழி எடு. இல்லேன்னா எனக்குக் கிட்டாரே வேண்டாம்."

பெல்சியா உளியை எடுத்து டாக்டரிடமே நீட்டினாள்.

"சரி டாக்டர். நாளைக்கு என் சொத்தைப் பல்லை அடைக்க வரச் சொல்லியிருக்கீங்க. அதையும் இதாலேயே குடைஞ்சிடுங்க."

டாக்டர் உளியை வாங்கி அதன் முனையைப் பார்த்தார். பிறகு அதை மேஜையில் வைத்துவிட்டு, கிட்டாரின் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"பார்த்து... மெதுவா" என்றார்.

"பயப்படாதீங்க டாக்டர். எறும்பு கடிச்ச மாதிரிதான் இருக்கும்" என்று மெஷினை ஓடவிட்டாள் பெல்சியா.