காகம் மறக்காத கை

உங்களை ஒருமுறைகூடப் பார்த்திராத ஒருவர், உங்கள் பெயருக்கு நேரே எழுதியிருப்பதை மட்டும் படித்துவிட்டு, தம் வீட்டு அரிசியில் ஒரு படியை உங்களுக்குக் கைமாற்றாகக் கொடுப்பாரா? பதில் சொல்ல அவசரப்பட வேண்டாம். கொடுப்பார் என்றுதான் குழந்தைவேலுவும் நினைத்திருந்தார்.

தவளமலை அடிவாரத்தில் ஒரு சிறிய மடம் உண்டு. அதன் தலைவி உமையாள் அம்மை. அவருக்கு வயது நாற்பது. அவரிடம் தீட்சை பெற்றவர்களில் பெரும்பாலோர் அவரைவிட மூத்தவர்கள். குழந்தைவேலுவுக்கு ஐம்பத்தொன்று. ஆறு கல் தொலைவில் உள்ள ஊரில் மாவு மில் நடத்துபவர்.

மாசி மாதத்தின் கடைசித் திங்கட்கிழமை, வேலை நாளென்றும் பாராமல் அவர் மடத்துக்கு வந்தார். சட்டையில் மாவு படிந்திருந்தது. வணங்கிவிட்டு உட்கார்ந்தார்.

“பேங்க்ல கடன் இல்லைன்னுட்டாங்கம்மா.”

“காரணம் சொன்னார்களா?”

“என் மூஞ்சியக்கூட நிமிர்ந்து பாக்கலைங்க. கம்ப்யூட்டரப் பாத்தாங்க. ஸ்கோர் பத்தாதுன்னாங்க. ரெண்டே நிமிசம்.”

மில் இருக்கும் கட்டடம் விலைக்கு வந்திருந்தது. உரிமையாளர் நல்லவர். வரும் தை மாதம் வரை வேறு யாருக்கும் விற்க மாட்டேன் என்று வாக்குக் கொடுத்திருந்தார். அதற்குள் குழந்தைவேலு வாங்கவில்லையென்றால், பத்தொன்பது ஆண்டுகளாக அங்கே ஓடிய மூன்று இயந்திரங்களையும் பெயர்த்தெடுத்துத் தெருவில் வைக்க வேண்டியதுதான்.

“பதினோரு வருசத்துக்கு முந்தி வேற பேங்க்ல கடன் வாங்கி ஒரு மினி லாரி எடுத்தேனுங்க. பாதித் தவணையோட நின்னு போச்சு. போன் மேல போன் வந்துச்சு. நம்பரையே மாத்திட்டேன். அப்புறம் பாக்கி வச்சவங்களுக்குன்னு அந்த பேங்க்ல முகாம் போட்டுக் கூப்பிட்டாங்க. பேசி முடிச்சு ஒரு தொகையக் கட்டினேன். அன்னிக்கு மில்லுக்கு வந்தவங்களுக்கெல்லாம் லட்டுக் குடுத்தேனுங்க. அதோட தீந்துச்சுன்னு இருந்தேன்.”

“தீரவில்லையா?”

“இன்னும் எழுதி வச்சிருக்காங்களாமா. என் கடன் வரலாறுன்னு இந்தக் கவர்ல போட்டுக் குடுத்தாங்க.”

“படித்தீர்களா?”

“இல்லைங்கம்மா.”

“ஏன்?”

“பயமா இருக்குதுங்க.”

குழந்தைவேலு உறையை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

“ஒரு தரகர் எட்டாயிரம் கேக்கறாருங்க. குடுத்தா அந்தப் பதிவையே அழிச்சுத் தர்றேங்கறார். அழிக்க முடியுங்களாம்மா?”

அம்மை முற்றத்தைப் பார்த்தார். வெயில் உச்சிக்கு ஏறிக்கொண்டிருந்தது.

“இன்று காகத்துக்கு நீங்கள் சோறு வையுங்கள்.”

மடத்துச் சமையல்காரர் சடையப்பர் கையில் கரண்டியோடு வெளியே வந்தார்.

“இவருங்களா? வேண்டாங்கம்மா. இவர ஒம்பது காக்காயும் நல்லாத் தெரிஞ்சு வச்சிருக்குது.”

சென்ற கோடையில் மடத்து மாடியில் வடகம் காயப்போட்டிருந்தார்கள். காவல் இருக்கும் சேவையைக் கேட்டு வாங்கியவர் குழந்தைவேலு. மற்றவர்கள் காவல் இருந்தபோது ஒரு கறுப்புத் துணியைக் கம்பில் கட்டிவைத்துவிட்டு நிழலில் ஜபம் செய்தார்கள். அவர் உண்டிவில் கொண்டுவந்தார். குறி தவறவில்லை. ஒரு காகத்துக்கு ஒரு கால் போயிற்று.

“வடகத்துல ஒண்ணு குறையலை. அதுக்குப் பாராட்டும் வாங்கினீங்க,” என்றார் சடையப்பர். “அந்த நொண்டிக் காக்காய் இன்னும் இந்த வேப்பமரத்துலதான் குடியிருக்குது.”

“ஒரு வருசம் ஆச்சேப்பா. காக்காய்க்கு என்ன ஞாபகம் இருக்கப்போகுது?”

“வச்சுத்தான் பாருங்க.”

முற்றத்துக் கல்லின்மேல் இலையைப் போட்டு, சோற்றை வைத்து, குழந்தைவேலு கூப்பிட்டார். வேப்பமரத்தில் இருந்த ஒன்பது காகங்களும் ஒரே நேரத்தில் கத்தின. ஒன்றும் இறங்கவில்லை. சோற்றின்மேல் பருப்பு ஊற்றினார். நெய் விட்டார். இரண்டு வடை வைத்தார்.

“பாயசமும் காச்சித் தரட்டுங்களா?” என்றார் சடையப்பர். “மாப்பிள்ளை விருந்துக்கு அது ஒண்ணுதான் பாக்கி.”

மாலையில் எறும்புகள் உண்டன.

“இவ்வளவு வச்சேனுங்கம்மா. ஒண்ணுகூடத் திரும்பிப் பாக்கலை.”

“பார்த்தன, ஐயா. உங்களைப் பார்த்தன.”

மறுநாள் அவர் ஒரு திட்டத்தோடு வந்தார். சடையப்பரின் காவித் துண்டை வாங்கித் தலையில் கட்டிக்கொண்டார். அவரைப் போலவே முதுகைச் சற்று வளைத்து, அவரைப் போலவே இடது கையால் இலையைப் போட்டார். ஒரு காகம் கீழ்க்கிளைக்கு வந்தது. இன்னொன்று மதிலுக்கு வந்தது. மூன்றாவது கல்லின் ஓரத்தில் இறங்கியது. அப்போது குழந்தைவேலுவுக்குத் தும்மல் வந்தது. பத்தொன்பது ஆண்டு மாவுத் தூசியை உள்ளே வைத்திருக்கும் தும்மல் அது. ஊரில் நான்கு தெருவுக்குக் கேட்கும்.

மூன்றும் பறந்தன.

அதற்கு மறுநாள், வழக்கம்போல அந்தத் துண்டோடு சடையப்பர் சோறு வைத்தார். காகங்கள் மரத்திலேயே இருந்தன. அவர் கூப்பிட்டுக் கூப்பிட்டுத் தொண்டை கட்டியது.

“இருவது வருசமாச் சோறு வச்ச கையிங்க இது! ஒரே நாள்ல என் பேரையும் கெடுத்துட்டீங்களே!”

குழந்தைவேலு ஓரமாக நின்றார். அம்மை அவரிடம் கேட்டார்.

“வேறு யோசனை ஏதேனும் உண்டா?”

“ஒண்ணு இருந்துச்சுங்க. வீட்டுக்காரி பேர்ல கடன் வாங்கலாமான்னு. அவ பேர்ல ஒரு கறையும் கிடையாதுங்க.”

அம்மை சடையப்பரின் தோளில் கிடந்த துண்டைப் பார்த்தார். குழந்தைவேலுவும் பார்த்தார்.

“வேண்டாமுங்க,” என்றார் அவர். “அது வேண்டாம்.”

“நாளை ஒரு பிடி சோறு. அதே கல். அதே நேரம். கூப்பிட வேண்டாம், ஒளிய வேண்டாம். வைத்துவிட்டு விலகி நில்லுங்கள்.”

“எத்தனை நாளைக்குங்கம்மா?”

“நாளைக்கு.”

வியாழக்கிழமை உச்சியில், மில்லுக்கு உணவு இடைவேளை விட்டுவிட்டு, அவர் மொபெட்டில் ஆறு கல் தொலைவு வந்தார். ஒரு பிடி வைத்தார். எறும்பு உண்டது. வெள்ளிக்கிழமையும் வந்தார். எறும்பு உண்டது.

“எறும்புக்கு இப்ப உங்க மேல நல்ல மதிப்பு,” என்றார் சடையப்பர்.

ஒரு பிடி வைக்கத் தொடங்கிய ஒன்பதாம் நாள், இறகு இன்னும் கறுத்து முடியாத ஒரு குஞ்சுக் காகம் இறங்கி, ஒரு பருக்கையைக் கொத்திக்கொண்டு ஓடிப்போயிற்று. அன்று மாலை மில்லுக்கு வந்த எல்லோரிடமும் அவர் அதைச் சொன்னார். பதினான்காம் நாள் மூன்று வந்தன.

பதினைந்தாம் நாள் அவருடைய மைத்துனன் வீட்டில் கல்யாணம். வர முடியவில்லை. பதினாறாம் நாள் வந்து, இரண்டு பிடி வைத்தார். ஒன்றும் இறங்கவில்லை.

“நேத்துப் பாக்கியையும் சேத்துத்தானுங்கம்மா வச்சேன்.”

“நேற்று உச்சிவேளையில் அவை பசியோடு இந்தக் கல்லைப் பார்த்துக்கொண்டிருந்தன, ஐயா.”

குஞ்சுக் காகம் மறுபடி வர நான்கு நாள் ஆயிற்று. அதன்பின் அவர் ஒரு நாளும் தவறவில்லை. காய்ச்சல் வந்தபோது மகனை மொபெட்டை ஓட்டச் சொல்லிப் பின்னால் உட்கார்ந்து வந்தார். பிடியைத் தம் கையால்தான் வைத்தார்.

சித்திரை பிறந்தது. நாற்பத்து நான்காம் நாள், வெள்ளிக்கிழமை உச்சியில், அவர் கல்லுக்கு ஐந்து அடி தள்ளி நின்றார். தும்மல் வந்தது. தும்மினார். காகங்கள் தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டு மறுபடி உண்டன.

அவர் ஓடிவந்து அம்மையின் முன்னால் உட்கார்ந்தார்.

“எட்டும் வந்துருச்சுங்கம்மா!”

“ஒன்பதாவது?”

குழந்தைவேலு திரும்பி வேப்பமரத்தைப் பார்த்தார். நொண்டிக் காகம் ஒற்றைக் காலில் கிளையின்மேல் இருந்தது.

“அது மட்டும் வர மாட்டேங்குதுங்க. அது எப்பங்க வரும்?”

“அதன் கால் எப்போது முளைக்கும்?”

அவர் அந்த ஒற்றைக் காலைப் பார்த்தார்.

“முளைக்காதுங்களே.”

“அப்படியென்றால் அது ஞாபகம் வைத்திருக்கட்டும். இந்த எட்டுக்கும் நாளை உச்சிவேளையில் பசிக்கும்.” அம்மை அவர் பக்கம் திரும்பினார். “அந்த உறை எங்கே?”

“வண்டிப் பெட்டியிலதானுங்க இருக்குது.”

“பிரித்தீர்களா?”

“இன்னும் இல்லைங்கம்மா.”

“இத்தனை நாள் வெயிலில் வந்து காகத்துக்கு முன்னால் நின்றீர்கள், ஐயா.”

அவர் எழுந்து போய் உறையை எடுத்துவந்தார். ஓரத்தைக் கிழித்தார். உள்ளே நான்கு தாள்கள் இருந்தன. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒவ்வொரு வரியாகப் படித்தார். மூன்றாம் தாளில் மினி லாரி இருந்தது. கடன் முழுமையாகக் கட்டப்படவில்லை என்றும், பேசி முடிக்கப்பட்டது என்றும், நாற்பத்தொன்பதாயிரம் ரூபாய் கைவிடப்பட்டது என்றும் எழுதியிருந்தது.

“நாப்பத்தொம்பதாயிரமா? தள்ளுபடின்னுதானே சொன்னாங்க! முடிஞ்சுதுன்னுதானே சொன்னாங்க!”

“அவர்கள் விட்டுக்கொடுத்தார்கள். நீங்கள் லட்டுக் கொடுத்தீர்கள். இரண்டில் ஒன்றைத்தான் தாளில் எழுதியிருக்கிறார்கள்.”

சமையல்கட்டில் சடையப்பர் சிரித்தார். குழந்தைவேலுவும் சிரிக்கப் பார்த்தார். முடியவில்லை. தாளை மடியில் வைத்துக்கொண்டு அந்த வரியை மறுபடி படித்தார். பிறகு கேட்டபோது அவர் குரல் தாழ்ந்திருந்தது.

“விட்டுப்போன இந்த மீதியக் கட்டிட்டா, இந்த வரி போயிருங்களா?”

“ஒரு நாளில் போகாது. கட்டி முடித்தார் என்ற சொல் அந்த இடத்துக்கு வர வேண்டும். அதன்பின் சின்னதாக ஒரு கடன் வாங்கி, ஒரு தவணையும் தவறாமல் கட்ட வேண்டும். அடுத்துக் கடன் கொடுப்பவர் அதையும் சேர்த்துப் படிப்பார்.”

“தை மாசத்துக்குள்ள பேங்க்ல குடுத்துருவாங்களா?”

“தெரியாது, ஐயா. எட்டு மாதத்துக்கு மேல் இருக்கிறது. தரகருக்கென்று வைத்த எட்டாயிரம் என்ன ஆயிற்று?”

குழந்தைவேலு சட்டைப்பையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

“இருக்குதுங்க. மொத்தமாச் சேரட்டும், ஒரே தடவையாக் கட்டிரலாமுன்னு பாக்கறேன்.”

அம்மை முற்றத்துக் கல்லைப் பார்த்தார். முதன்முதலில் அதன்மேல் நெய்யும் வடையும் வைத்தது குழந்தைவேலுவுக்கும் நினைவு வந்திருக்க வேண்டும். உடனே திருத்திக்கொண்டார்.

“சரிங்க, இதையே மொதத் தவணையாக் கட்டறேன். திங்கக்கிழமை போறேனுங்க. இன்னிக்கு வெள்ளிக்கிழமை. வெள்ளிக்கிழமை கையில இருக்கற காச வெளிய குடுக்கக் கூடாதும்பாங்க. லட்சுமி போயிருவா.”

“இந்த நாட்களுக்குள் ஏழு வெள்ளிக்கிழமை வந்தன. ஏழிலும் காகத்துக்குச் சோறு வைத்தீர்கள்.”

குழந்தைவேலு தாள்களை மடித்து உறைக்குள் வைத்தார்.

வெளியே காகங்கள் இலையைக் காலி செய்துவிட்டுப் பறந்தன. கிளையில் இருந்தது மட்டும் பறக்கவில்லை. அம்மை எழுந்து, அவருடைய மொபெட் சாவியைத் தரையிலிருந்து எடுத்து அவர் கையில் வைத்தார்.

“நாளை நான்காவது சனிக்கிழமை, வங்கி இல்லை. மறுநாளும் இல்லை. இப்போது மணி ஒன்றரை. நான்கு மணிக்குக் கதவை அடைத்துவிடுவார்கள். லாரிக்குக் கடன் கொடுத்த வங்கிக்குப் போங்கள். மேலாளரைப் பாருங்கள். உங்கள் இப்போதைய போன் நம்பரை நீங்களாகவே சொல்லுங்கள். மீதியை எத்தனை தவணையில் வாங்கிக்கொள்வார் என்று கேட்டு, அதை எழுத்தில் வாங்குங்கள். முதல் பிடியை இன்றைக்கே வையுங்கள். எழுந்திருங்கள், ஐயா.”